உள்ளேன் மேடம்

கூப்பிட்ட எல்லாப் பெயருக்கும் முதல் தடவையிலேயே பதில் வந்துவிட்டது. லோகநாயகிக்கு அதுதான் இடித்தது. இந்த விடுதியில் அப்படி ஒரு நாள் இதுவரை நடந்ததில்லை. ஒருத்தி குளியலறையில் இருப்பாள், ஒருத்தி போனில் இருப்பாள், இன்னொருத்தி நேர் எதிரே நின்றுகொண்டே எங்கோ இருப்பாள். தொண்டை கிழியக் கத்தினால்தான் கடைசிப் பெயர் வரை போய்ச் சேர முடியும். இன்றைக்கு என்னடா என்றால், நனைந்துபோய் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் சொல்லிவைத்த மாதிரி வரிசையாகப் பதில் சொன்னார்கள். சரி, பயத்தில் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

சாரல் காலம். குற்றாலத்து மலை மேகத்துக்குள் போய்ப் பல நாளாகிவிட்டது. மதியத்துக்கு மேல் அருவிப் பக்கம் சைரன் ஊதிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பல்கலைக்கழகத்தின் சைரனும் ஊதியது. மலையடிவாரத்தில் ஓடைக்கரையை ஒட்டிக் கட்டிய பெண்கள் விடுதி அது. மேலே மண் சரியலாம், பிள்ளைகளை உடனே தென்காசிக்கு இறக்குங்கள் என்று உத்தரவு. மின்சாரத்தை அணைக்க வேண்டும், எல்லாரையும் வாலிபால் மைதானத்தில் கூட்ட வேண்டும், பெயர் கூப்பிட வேண்டும், எல்லாரும் வந்தாயிற்று என்றால் வாசல் கம்பிக்கதவைப் பூட்டிவிட்டுப் பேருந்தில் ஏற்ற வேண்டும். பாதுகாப்புக் குழு வகுத்த முறை இது. இதற்கு ஒத்திகை எல்லாம் நடத்தி, லட்டு கொடுத்து, படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

லோகநாயகி தமிழ்த்துறை ஆசிரியை. வார்டன் வேலையை, "நீங்க தனி ஆளுதான மேடம்" என்று சிரித்துக்கொண்டே தலையில் கட்டினார்கள். தனி ஆள் என்றால் களைப்பு இருக்காதா? முட்டி வலிக்காதா? கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. பிள்ளைகளின் பெயர்கள் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். தினமும் சாயந்திரம் முற்றத்தில் நின்று கூப்பிட்டுப் பழக்கம். "எஸ் மேடம், எஸ் மேடம்" என்று சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி அவர்கள் சீறுவது அவளுக்குப் பிடிக்காது. புதிதாக வருகிற பிள்ளைகளை நிறுத்திவைத்து, "உள்ளேன் மேடம்னு சொல்லணும்ட்டி. எங்க, சொல்லு, உள்ளேன் மேடம்" என்று பாடம் எடுப்பாள். அவள் குரல் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காடு வரை கேட்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எல்லாரும் வந்தாச்சு அண்ணாச்சி," என்றாள் காவலர் ஞானதுரையிடம். ராணுவத்தில் இருந்து வந்தவர். தொப்பியில் இருந்து தண்ணீர் சொட்ட அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் அதீபா வந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். கடையநல்லூர்ப் பிள்ளை, எப்போதும் நிதானமாக இருப்பவள். இப்போது உதடு வெளுத்திருந்தது.

"மேடம், இசக்கிச்செல்வி வரல."

"என்னட்டி சொல்லுத? இப்பந்தான உள்ளேன்னு சொன்னா?"

"அவளுக்குக் காய்ச்சல் மேடம். மாத்திரை போட்டுட்டு ரூம்ல கெடந்தா. எழுப்பினேன், நீ போ, வாரேன்னா. பின்னாடியே வாரான்னு நெனச்சேன். இங்கன ஆளக் காணும்."

லோகநாயகிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் சொல்வது இவர்களுக்குப் புதிதா? அருவியில் குளித்துக்கொண்டிருப்பவளுக்காக விடுதியில் இருந்து குரல் வரும். அதெல்லாம் அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் உயிர் போகிற நேரத்திலுமா?

"ப்ராக்ஸி குடுத்தது யாருட்டி? நீயா?"

"அல்லா மேல சத்தியமா நான் இல்ல மேடம். அது அவ குரலுதான். ஆனா..." அதீபா கையை நீட்டினாள். பேருந்துப் பக்கம் இல்லை, பிள்ளைகள் நின்ற பக்கமும் இல்லை. ஓடைப் பக்கம், மூடுபனியாக மஞ்சு இறங்கி மரமும் தரையும் ஒன்றாகிக் கிடந்த வெற்று இடம். "அங்கனருந்துல்லா வந்துச்சு."

எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். மஞ்சு மட்டும்தான் இருந்தது. உள்ளே ஓடையில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது.

"நான் போறேன் மேடம்," என்றார் ஞானதுரை.

"நீங்க பிள்ளைகளப் பாருங்க அண்ணாச்சி. பஸ்ஸுல ஏத்துங்க. திரும்பவும் பேரு கூப்பிட்டு, எங்க ரெண்டு பேரையும் சேத்து பதில் வந்த பெறவு வண்டிய எடுங்க." காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுத் தூக்கி, தேவைப்பட்டால் உடை மாற்றி அழைத்து வர வேண்டும். அதற்கு அவள்தான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் அவள்தான்.

விடுதிக்குள் சாயந்திர வெளிச்சம் நுழைந்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. காயாத துணியும், கவிழ்ந்த சாம்பாரும், யாரோ அவசரத்தில் உடைத்துவிட்டுப் போன தைலக் குப்பியும் சேர்ந்து மணந்தன. மேலே தகரக் கூரையில் மழை விழுவதும் கீழே சாக்கடையில் தண்ணீர் எதிர்த்து ஏறுவதும் தனித்தனியாகக் கேட்டன. இரண்டுக்கும் நடுவில், பிள்ளைகள் இல்லாத கட்டடத்துக்கே உரிய ஓர் அமைதி, ஆள் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. மதியமே சிக்னல் போய்விட்ட போனின் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு அவள் நடந்தாள்.

"இசக்கிச்செல்வி!"

"உள்ளேன் மேடம்."

சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து வந்தது. தெளிவான குரல். முடிவில் அந்தப் பிள்ளைக்கே உரிய சின்ன இருமல். லோகநாயகிக்குப் போன உயிர் திரும்பியது. "ஏட்டி, அங்கன என்ன செய்யுத?" என்று வேகமாகப் போனாள்.

கூடத்தில் யாரும் இல்லை. தட்டுகள் பாதிச் சோற்றோடு கிடந்தன.

"இசக்கிச்செல்வி!"

"உள்ளேன் மேடம்."

இப்போது கை கழுவும் இடத்தில் இருந்து. அதே குரல், அதே இருமல். அதே இருமல் என்றால், கொஞ்சம்கூட மாறாத இருமல். மனிதத் தொண்டை ஒரே இருமலை இரண்டு முறை இரும முடியுமா? அவள் போன் வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளை ஓடுகள். சொட்டுகிற குழாய். அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. வாய் வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து மாடிப்படி ஏறினாள். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைதது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. திரும்பவில்லை.

மேல் மாடியில் அந்த அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விரலால் மெல்லத் தட்டினாள்.

"இசக்கி. நாந்தான்ட்டி. கதவத் தொற."

பிறகு கதவிடுக்கில் இருந்து ஒரு குசுகுசுப்பு.

"வேற ஏதாவது பேசுங்க மேடம்."

"என்னது?"

"பேரு கூப்பிடாதீய. வேற ஏதாவது பேசுங்க."

"என்னத்தட்டி பேசச் சொல்லுத? மாடி ஏறி முட்டி கழண்டு போச்சு. கொதிக்கக் கொதிக்க ஒரு காப்பி குடிச்சா தேவலைன்னு இருக்கு. தொற."

தாழ்ப்பாள் விலகியது. போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற இசக்கிச்செல்வி அவளை உள்ளே இழுத்துக் கதவை மறுபடி தாழிட்டாள். அனலாகக் கொதிக்கிற கை.

"நீங்கதான் மேடம்," என்று சொல்லி அழுதாள். சத்தம் வராமல் அழுதாள்.

"என்னாச்சு, சொல்லு."

"அப்பவே எந்திரிச்சு வர இருந்தேன். நீங்க கதவுக்கு வெளிய நின்னு கூப்பிட்டிய. இசக்கிச்செல்வின்னிய. கொஞ்ச நேரம் சும்மா இருந்திய. திரும்ப இசக்கிச்செல்வின்னிய. அதவிட்டா வேற பேச்சே இல்ல. வாரேன் மேடம்னேன். அது உங்க காதுல விழாத மாதிரி திரும்பவும் அதேதான். பழக்க தோசத்துல நான் 'உ'ன்னு ஆரம்பிச்சேன் மேடம். அந்த ஒத்த எழுத்துதான். உடனே தாப்பா தன்னால பாதி நகந்துச்சு."

தாழ்ப்பாள் தேய்ந்த தடத்தை அவள் காட்டினாள். லோகநாயகி அதைப் பார்த்தாள்.

எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. தினமும் சாயந்திரம் முற்றத்தில் நின்று அவள் கத்திய கத்தலை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பெயரும் பதிலும், பெயரும் பதிலும். அதற்குத் தெரிந்த மனிதப் பேச்சு அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"வா, போயிருவோம். பஸ் நிக்குது."

அதற்குள் வெளியே ஞானதுரையின் பட்டாளத்துக் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார். லோகநாயகி ஜன்னலுக்கு ஓடினாள். கீழே மஞ்சுக்குள் பேருந்தின் விளக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி! இங்கன இருக்கோம்! பொறுங்க!" என்று கத்தினாள். அவள் கத்தல் பக்கத்துச் சுவரைக்கூடத் தாண்டவில்லை. ஓடை இரைச்சல் அதைத் தின்றுவிட்டது.

"இசக்கிச்செல்வி?"

"உள்ளேன் மேடம்." ஒரு சின்ன இருமல்.

"லோகநாயகி மேடம்? வந்துட்டியளா?"

அவள் இங்கே அல்லவா இருக்கிறாள். பதில் வராது. அவர் நிற்பார். நிற்கத்தான் வேண்டும்.

"உள்ளேன் மேடம்," என்றது லோகநாயகியின் குரல்.

கணீரென்று, வகுப்பில் சொல்கிற மாதிரி. ஓர் ஆண்பிள்ளையை மேடம் என்கிறாளே என்று அந்த மனிதர் கவனிக்கவில்லை. அவரும் களைத்திருந்தார். நாள் முழுக்க மழையில் நின்ற மனிதர். "ரைட், போலாம்!" என்றார். கீழே கம்பிக்கதவு இழுபட்டுப் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

பேருந்து திரும்பியது. திரும்பும்போது உள்விளக்கு வெளிச்சத்தில் ஜன்னல்கள் ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தன. முன் இருக்கையில், அவள் எப்போதும் உட்காரும் இடத்தில், ஈரத்தலையோடு ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதீபாவின் பக்கத்தில் துண்டை முக்காடு போட்டு இன்னொருத்தி. அதீபா கையை நீட்டி, காய்ச்சல் இருக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை. பேருந்து மஞ்சுக்குள் போய்விட்டது.

இனி யாரும் திரும்பி வர மாட்டார்கள். கணக்கு சரியாக இருக்கிறதே, எதற்கு வருவார்கள்?

"மேடம்," என்றாள் இசக்கிச்செல்வி. "கேக்குதா?"

நடைக்கூடத்தின் கடைசியில் யாரோ பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். லோகநாயகியின் குரல். அவளுடைய ஏற்ற இறக்கம். அவளுடைய அலுப்புக்கூட இருந்தது. ஒரு பெயர். கொஞ்சம் இடைவெளி. காலியாகக் கிடந்த அறையில் இருந்து, "உள்ளேன் மேடம்." அடுத்த பெயர். அடுத்த அறை. "உள்ளேன் மேடம்." ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தாழ்ப்பாள் விலகியது. ஒவ்வொரு தாழ்ப்பாளும் கொஞ்சம் பக்கத்தில் விலகியது.

அவள் பிள்ளையை இழுத்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மடியில் சாய்த்தாள். காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. பிள்ளையின் கண் செருகியது. அவளுக்கு நினைவு பாதி இல்லை. ஆனால் பழக்கம் முழுசாக இருந்தது.

பக்கத்து அறை. "உள்ளேன் மேடம்."

பிறகு இவர்கள் கதவு.

"இசக்கிச்செல்வி."

மடியில் கிடந்த தலை துடித்தது. வாய் திறந்தது. லோகநாயகி இரண்டு கையாலும் அந்த வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் சூடான மூச்சு. அதற்குள் ஒரு சொல் முட்டியது. அழுத்தினாள். என் பிள்ளையை விடு. இவளை விடு. அழுத்தினாள்.

இடைவெளி.

"இசக்கிச்செல்வி."

அழுத்தினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. பிள்ளை தப்பித்துக்கொண்டாள்.

வெளியே அமைதி. மழைகூட விலகி நின்றது.

"லோகநாயகி."

மேடம் இல்லை. வார்டன் இல்லை. வெறும் பெயர். அவளை அப்படிக் கூப்பிடக்கூடியவர்கள் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். குரல் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. நாள் முழுக்க நின்று கால் கடுத்த ஒருத்தி, கடைசிப் பெயரை முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருப்பது போலக் காத்திருந்தது.

அவளுடைய இரண்டு கையும் பிள்ளையின் வாயில் இருந்தது. எடுத்தால் பிள்ளை சொல்லிவிடுவாள். பல்லைக் கடித்தாள். தாடை தளர்ந்தது. மறுபடி கடித்தாள்.

"லோகநாயகி."

அவள் உதடு 'உ' என்று தானாகக் குவிந்தது.