கழிப்பறை வாசலில் சட்டம் தந்த மன்னர்

மனித நாகரிகம் நாலாயிரம் ஆண்டுகளாக ஓர் அடியும் பின்வாங்காமல் முன்னேறி வருகிறது என்று அருங்காட்சியகத்தின் திறப்பு விழா அழைப்பிதழ் பொன்னெழுத்தில் முழங்கியது. மூன்று நாட்களாக அந்த நாகரிகம் தலைவாசலுக்கும் கழிப்பறை வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தது.

அழைப்பிதழைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார் இயக்குநர். உலக வரலாற்றைத் தொள்ளாயிரம் பக்கத்தில் தந்தவர் என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார். கறுப்புக் கோட்டின் மார்புப் பக்கம் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விழாவுக்கு முதல் நாளே முகப்பவுடர் ஒத்திகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் மச்சினன்.

துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி அவன். ஆறு வழக்குகளில் ஆறு முறை தவறான ஆளைப் பிடித்தவன். ஏழாவதிலாவது ஜெயிக்காவிட்டால் மளிகைக் கடைக்கே போய்விடு என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"பத்துச் சிலைங்க. எல்லாம் சுண்ணாம்புச் சாந்துல வார்த்தது," என்றார் இயக்குநர். "தினம் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நானே என் கையால வரிசைப்படுத்தறேன். காலைல வந்தா கலைஞ்சு கெடக்கு!"

"காலைலயே சரி பண்ணிடலாமே?" என்றார் துப்பறிவாளர்.

"இயக்குநர் சிலை தூக்கறதை நாலு பேர் பார்த்தா மரியாதை என்னாகும்? நாளைக்குப் பத்து மணிக்கு விழா. அதுக்குள்ள ஆளைக் காட்டுங்க. வேலைநீக்க உத்தரவு டைப் அடிச்சு வெச்சிருக்கேன். பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன்."

பிற்பகலில் இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். நீண்ட கூடம்; ஒரு கோடியில் தலைவாசல், மறுகோடியில் கழிப்பறை. நடுவே பத்துப் பீடங்கள். ஒவ்வொரு சிலையின் அடியிலும் அவர் மறைந்த ஆண்டைச் சொல்லும் பித்தளைத் தகடு. மச்சினன் நோட்டை எடுத்து, தலைவாசலில் தொடங்கி எண்களை மட்டும் குறித்துக்கொண்டான். ஹமுராபி 1750, சாக்ரடீஸ் 399, பிளேட்டோ 347, அலெக்சாண்டர் 323, சீனத்தின் முதல் பேரரசர் 210, சீசர் 44. பிறகு ஜஸ்டினியன் 565, சார்லமேன் 814, செங்கிஸ்கான் 1227, மார்க்கோ போலோ 1324.

"கண்ணை மூடிக்கிட்டுக் கலைச்சிருக்கான் அத்தான்! ஆயிரத்தெழுநூத்தம்பதுக்கு அடுத்து முன்னூத்துச் சொச்சமாம்."

"கடைசி நாலு பேரும் ஒழுங்கா நிக்கறாங்களே மாப்ளே?"

"கலைச்சுக் கலைச்சுக் கை வலிச்சிருக்கும்."

துப்பறிவாளர் அந்த நாலு தகடுகளையும் மறுபடி குனிந்து பார்த்தார். 

தகடுகளை எழுதும் அம்மாள் துணியும் கையுமாக வந்தாள். எட்டு வருஷமாகத் தற்காலிக ஊழியை. இந்த மாதம் நிரந்தரமாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எட்டு வருஷமாகவே சொல்லி வைத்திருந்தார்கள்.

"நீங்களாவது கேளுங்கய்யா. யாரோ தினமும் இதையெல்லாம் கலைச்சுப் போட்டுடறாங்க. காலைல வந்தா ஹமுராபி கக்கூஸ் வாசல்ல நிக்கறார். இயக்குநருக்கு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். படிச்சாரா, மடிச்சாரான்னே தெரியலை."

வாசலில் இருந்த காவலாளியிடம் துப்பறிவாளர் ஒரே கேள்வி கேட்டார். "கடைசியா யார் போறது? முதல்ல யார் வர்றது?"

"சாயங்காலம் கடைசியா இயக்குநரய்யா. காலைல முதல் ஆளு இந்தம்மா. நடுவுல ஈ, எறும்பு போகாது. சாவி என் இடுப்புல."

மச்சினனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் காலை ஏழரைக்கே போய், செங்கிஸ்கானின் முதுகுக்குப் பின்னால் குந்தினான். காலிரண்டும் மரத்துப் போன சமயம் அந்த அம்மாள் வந்தாள். கழிப்பறை வாசலில் நின்ற ஹமுராபியைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு தலைவாசலை நோக்கி நடந்தாள்.

"பிடிச்சுட்டேன்!" என்று பாய்ந்தான்.

"மெதுவாப்பா! மூக்கு உடைஞ்சிடும்," என்றாள் அவள். ஹமுராபியின் மூக்கைச் சொன்னாள்.

ஒன்பது மணிக்குள் எல்லோரும் கூடினார்கள். இயக்குநர் பேனாவைத் திறந்து, உத்தரவில் விட்டிருந்த இடத்தின் மேல் வைத்தார். அம்மாள் கையிலிருந்த துணியை மடித்தாள். "எட்டு வருஷங்க," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் துப்பறிவாளர். "நேத்து சாயங்காலம் நீங்க வெச்ச வரிசையைச் சொல்லுங்க."

"நாப்பத்துநாலு, இருநூத்திப்பத்து, முன்னூத்தி இருபத்திமூணு, முன்னூத்தி நாப்பத்தேழு, முன்னூத்துத் தொண்ணூத்தொம்பது," என்று தொடங்கி, ஆயிரத்து எழுநூற்றைம்பதில் வெற்றியோடு நிறுத்தினார் இயக்குநர். "படிக்கட்டு மாதிரி ஏறுதில்ல? அதுதான் வரலாறு!"

மச்சினனும் தலையாட்டினான். ஆட்டிய தலையை உடனே நிறுத்திக்கொண்டான். அத்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கள்ல ஆறு பேர் தகட்டுல எண்ணுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து இருக்கே, சார்?"

"கி.மு. கிறிஸ்துவுக்கு முன். எனக்குத் தெரியாதா? முன்னேயோ பின்னேயோ, நாப்பத்துநாலு நாப்பத்துநாலுதானே!"

 காவலாளிக்கு இருமல் வந்தது.

"கி.மு.ல எண் குறையக் குறையத்தான் காலம் நம்ம பக்கம் வரும் சார்," என்றார் துப்பறிவாளர் நிதானமாக. "பெரிய எண்தான் பழைய ஆள். உங்க வரிசைப்படி, பிளேட்டோ செத்தப்புறம் அவரோட வாத்தியார் சாகறார். கல்லுல சட்டம் வெட்டின ஹமுராபி, மார்க்கோ போலோவுக்கும் இளையவர். கி.பி. ஆளுங்க நாலு பேர் யார் கையிலயும் வரிசை மாறலை. அங்கதான் எனக்குச் சந்தேகம். தெரியாம கலைச்சவன் நாலு பேரை மட்டும் விடுவானா? இங்க கலைச்சவங்க யாருமே இல்லை. ரெண்டு பேர் தினமும் சரி பண்ணியிருக்கீங்க. அந்தம்மா துணியில சுத்தித் தூக்கறாங்க. நீங்க நெஞ்சோட அணைச்சுத் தூக்கறீங்க. கோட்டுல இன்னும் சுண்ணாம்பு இருக்கு."

இயக்குநர் கோட்டைத் தட்டினார். வெள்ளை பறந்தது.

"நான்... நான் ஊழியர்களைச் சோதிச்சேன். கவனமா இருக்காங்களான்னு."

"அப்போ அந்தம்மா தேறிட்டாங்க. தேறினவங்களுக்கு இந்த உத்தரவு எதுக்கு?" துப்பறிவாளர் காகிதத்தை நான்காக மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். "நிரந்தரம்னு ஒரு உத்தரவு அடிங்க. பத்து மணிக்கு விருந்தாளிங்க வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டா, நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்த இயக்குநர், கடைசி முயற்சியாக அம்மாளின் பக்கம் திரும்பினார். "பெரிய எண் முன்னாடி வரணும்னு உனக்கு யார் சொன்னது?"

"நூத்திப்பன்னெண்டாம் பக்கத்துல இருக்குங்கய்யா."

"எந்தப் புத்தகத்துல?"

"உங்க புத்தகத்துலதாங்கய்யா. நான்தானே முழுசும் எழு... டைப் அடிச்சேன்."

சரிபார்க்க மச்சினனை அனுப்பினார்கள். இயக்குநரின் அறையில், கண்ணாடிப் பேழைக்குள், அவருடைய சொந்தப் பிரதி இருந்தது. அவன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. அச்சகத்தில் மடித்த தாள்கள் விளிம்பில் வெட்டப்படாமல் ஒட்டியே இருந்தன. பதினாறாம் பக்கத்தோடு முன்னுரை முடிந்தது. அதுவரைதான் பிரித்திருந்தது.

புத்தகம் வெளிவந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.