பயன்பாட்டில் இருக்கிறது

அழைப்பு மணியில் விரல் வைப்பதற்கு முன்பே கதவு திறந்தது.

"கம்ப்யூட்டர் பார்க்கறவங்கதானே? மாடிக்கு வாம்மா" என்றார் அந்த வீட்டு அம்மா. குரலில் தூக்கம் கெட்டவர்களின் கரகரப்பு இருந்தது.

ஊசி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தாள். ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்த இயந்திரம் படுத்துக்கொண்டாலும் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, "ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்பாள். கடைத்தெருவில் அதுவே பெயராகிவிட்டது. ஆள் ஒல்லி என்பதும் பெயருக்கு வசதியாகப் போயிற்று.

மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு கனத்த கதவு. அதன் நடுவில் தட்டு அளவுக்குக் கண்ணாடி பதித்திருந்தது. அம்மா தோளால் தள்ளித் திறந்து, காலால் ஒரு மரத்தக்கையை அடியில் செருகினார்.

"உள்ளே இருந்து இழுத்தா சண்டித்தனம் பண்ணும். வெளியே இருந்து தள்ளினாத்தான் திறக்கும். ரிப்பேர் பண்ணணும்னு வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தார்."

இருந்தார் என்ற சொல்லில் ஊசிக்கு விஷயம் புரிந்தது.

சுவர்கள், கூரை, கதவின் உட்புறம் எல்லாவற்றிலும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒலிப்பதிவு அறை. பகல் வெயில் தெருவில் கொளுத்திக்கொண்டிருந்தது, இங்கே அதன் சுவடே இல்லை. அடைத்து வைத்த அறையின் வாடையும் சூடேறிய ஒயரின் வாடையும் கலந்து வந்தன. ஊசி தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். சத்தம் எதிரொலிக்கவே இல்லை. சொல்லப்போனால், தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் அவளுக்குப் பெரிய சத்தமாகக் கேட்டது.

மேசையில் ஒரு லேப்டாப், அதன் எதிரே ஒரு மைக், ஒரு நாற்காலி.

"எங்க வீட்டுக்காரர் சினிமாவுக்குச் சத்தம் பிடிக்கிறவர். மழை, லிஃப்ட், நடக்கிற சத்தம், எல்லாம் பிடிப்பார்" என்றார் அம்மா. "அன்னைக்கு இந்த நாற்காலில உட்கார்ந்து என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கிட்டிருந்தார். நான் கதவுக்கு வெளியே. கண்ணாடி வழியா உதடு அசையறது தெரிஞ்சுது, சத்தம் வரல. ஒரு கையை நெஞ்சு மேல வச்சிருந்தார், பாடறவங்க வைப்பாங்கள்ல, அது மாதிரி. எனக்காக ஏதோ பதிவு பண்றார்னு நினைச்சேன். கையாட்டிட்டுக் கீழே போயிட்டேன். துணி மடிச்சு வச்சுட்டு வந்து பார்த்தா…"

ஊசியின் பார்வை நாற்காலிக்குப் போயிற்று.

"முகத்துல லேப்டாப் வெளிச்சம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பார்க்கப் பொறுக்கல. மூடியைச் சாத்தினேன். அவ்வளவுதான். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது." அம்மா நாற்காலியின் முதுகைத் தடவினார். "என்ன சொன்னார்னு தெரியணும்மா. அது போதும் எனக்கு. வாய் ரெண்டு தடவை திறந்துச்சு, அப்புறம் மேல்பல்லு கீழுதட்டைத் தொட்டுச்சு. திரும்பத் திரும்ப அதேதான். என்னைக் கூப்பிடற செல்லப் பேர்லயும் அப்படி ஒரு எழுத்து வரும்."

இதைச் செய்யாமல் இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று ஊசி அப்போதே முடிவு செய்துவிட்டாள். இளகிய மனசு தொழிலுக்கு ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினாள். லேப்டாப் உயிர்பெற்றது. எழுந்தது அவருடைய விண்டோஸ் அல்ல, ஊசியின் லினக்ஸ்.

"இப்ப ஓடறது என் சிஸ்டம், பாஸ்வேர்டு கேக்காது. உங்க வீட்டுக்காரரோட டிஸ்க் பக்கத்துல சும்மா கிடக்கு. அதை என் சிஸ்டம் மேல ஏத்தணும்."

"ஏத்தறதுன்னா?"

"என் வீட்டுல ஒரு காலி அறையை ஒதுக்கி, அவரை அங்க உட்கார வைக்கிற மாதிரி. பார்த்து முடிச்சதும் மரியாதையா இறக்கிவிட்டுடணும். ஏத்தறது சுலபம், இறக்கத் தெரியணும்." எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்கிற நகைச்சுவைதான். பேய் ஓட்டுகிறவர்கள் பேசுவதுபோல் இருக்கிறதே என்று யாராவது சிரிப்பார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏத்து" என்றார்.

ஊசி ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிக் கட்டளையைத் தட்டினாள். சிஸ்டம் மறுத்தது. அவருடைய விண்டோஸ் அணைக்கப்படவில்லை, உறங்கிக்கொண்டிருக்கிறது, படிக்க மட்டுமே அனுமதி என்றது.

"மூடியைச் சாத்தினீங்கள்ல, அப்படியே தூங்கிடுச்சு" என்றாள் ஊசி. "பரவாயில்ல. எட்டிப் பார்க்கலாம், எதையும் தொட முடியாது."

பதிவுகள் வரிசையாக வந்தன. ஸ்பீக்கரில் போட்டாள். மழை. மின்விசிறி. ரயில் பாலம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஓர் ஆண் இரண்டு தடவை செருமிவிட்டு, "ஓடுது" என்றார். மைக் ஓடுகிறதாம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஊரு உலகத்துச் சத்தமெல்லாம் பிடிச்சு வச்சிருக்கார். அவர் குரல் மட்டும் இவ்வளவுதானா?"

கடைசிக் கோப்பு அன்றைய தேதியில் இருந்தது. அளவு பூஜ்யம். பாதியில் தூங்கிப்போன பதிவு, இன்னும் முடிக்கப்படவில்லை.

"இதைச் சரிபண்ணணும்னா எழுதறதுக்கும் அனுமதி குடுத்து ஏத்தணும். அப்ப தூக்கம் கலைஞ்சிடும். ஏடாகூடமா ஏதாவது ஆனா எல்லாமே போயிடும். கடைக்கு எடுத்துட்டுப் போய் ஒரு நகல்…"

"வீட்டை விட்டு வெளியே விடமாட்டேன்."

"அதுக்கில்லம்மா…"

"எத்தனை நாளுதான் தூங்குவார்? எழுப்பு."

நகல் எடுக்காமல் கை வைக்காதே என்று பிறருக்குப் பாடம் எடுப்பவள் ஊசி. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் காற்றில் போயிற்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"சத்தம் சரியா கேக்கணும்னா கதவைச் சாத்தணும். நான் வெளியே இருக்கேன்" என்று சொல்லி, அம்மா தக்கையைக் காலால் தள்ளினார். கதவு பஞ்சோடு பஞ்சாக மூடிக்கொண்டது.

ஊசி எழுதும் அனுமதியோடு ஏற்றினாள்.

இந்த முறை சிஸ்டம் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பின் அளவு பூஜ்யமாகவே இருந்தது. பிறகு இல்லை. எண் ஏறியது. நின்று பார்த்தது போல ஒரு கணம் தயங்கி, மறுபடியும் ஏறியது. ஊசி எதையும் எழுதவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.

யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோப்பைத் திறந்தாள். ஹெட்போனில் செருமல், இரண்டு தடவை.

"ஓடுது."

பிறகு அமைதி. அந்த அறையின் அமைதியேதான். அதற்குள் ஒரு மூச்சு. தன்னுடைய மூச்சுதான் என்று நினைத்து ஊசி அதை அடக்கிப் பார்த்தாள்.

ஹெட்போனில் மூச்சு நிற்கவில்லை.

அதில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அதற்குப் பிறகுதான் ஊசியின் நாற்காலி கிரீச்சிட்டது.

சட்டென்று வியர்வை வாடை வந்தது. மிக அருகில், பிடரிக்குப் பின்னால். ஊசி விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எந்த நிலையிலும் ஏற்றியதை இறக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது கையில் ஊறிய பழக்கம். இறக்கும் கட்டளையைத் தட்டினாள்.

இறக்க முடியவில்லை. பயன்பாட்டில் இருக்கிறது.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அதற்கும் ஒரு கட்டளை உண்டு. பதிலில் ஒரே ஒரு பெயர் வந்தது, அவள் பெயர்.

சிரிப்பு வந்துவிட்டது. கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு இது. அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டே அதை இறக்கப் பார்ப்பார்கள். நிற்கிற கிளையை வெட்டுகிற வேலை. ஃபோல்டரைவிட்டு வெளியே வந்து மறுபடியும் தட்டினாள்.

இறக்க முடியவில்லை. பயன்பாட்டில் இருக்கிறது.

அதே பெயர்.

ஊசி ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தார்.

"கதவைத் திறங்கம்மா!"

குரல் பஞ்சிலேயே செத்துப்போனது.

அம்மா புன்னகை செய்தார். ஆனால் பார்வை ஊசியின் மேல் இல்லை. அவள் தோளுக்குச் சற்று மேலே, ஓர் ஆள் உயரத்தில் நின்றது.

"கதவைத் திறங்க! கதவைத் திறங்க!"

நெஞ்சு படபடத்தது. ஊசி ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கையாட்டினார். பிறகு திரும்பி, படியிறங்கத் தொடங்கினார்.

ஊசி மேசைக்குப் பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. வாடை போயிற்று. இறக்காமல் பிடுங்கியது தொழில் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கதவு வெளியிலிருந்து மெல்லத் திறந்தது. அம்மாதான். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்திருந்தார்.

"என்னம்மா சொன்னே இப்ப?" கண்கள் பளபளத்தன. "உன் உதட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அச்சு அசல் அவர் சொன்ன மாதிரியே இருந்துச்சு. ரெண்டு தடவை வாய் திறந்து, அப்புறம் பல்லு உதட்டைத் தொட்டு. நெஞ்சுல கை வேற. என்ன வார்த்தைம்மா அது?"

ஊசி தன் உதடுகளைச் சத்தமில்லாமல் அசைத்துப் பார்த்தாள்.

கதவை. கதவைத் திற.

அந்த மனிதர் பாடவில்லை. செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடவுமில்லை. நெஞ்சு அடைத்து, எழுந்திருக்க முடியாமல் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். இந்த அம்மா கையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போயிருக்கிறார். இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் இந்த ஜீவன் இன்று இரவைத் தாண்டாது.

"உங்க பேரைத்தான்மா" என்றாள் ஊசி. "பதிவுல கேட்டுச்சு. உங்க செல்லப் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தார். நானும் அதையே உங்ககிட்ட சொல்லப் பார்த்தேன். பாதியில கோப்பு கெட்டுப்போச்சு, இனி கேக்க முடியாது. மன்னிச்சுக்கோங்க."

அம்மா சுவரில் சாய்ந்து அழுதார். நிம்மதியான அழுகை. ஊசி தெருவுக்கு வந்து, வெயிலில் வெகுநேரம் நின்றாள். அப்படியும் உடம்பு சூடாகவில்லை.

வீட்டில் அவள் கணவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஊசி கூடத்தில் உட்கார்ந்து பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகினாள். பிடுங்கியதில் ஏதாவது கெட்டிருக்குமோ என்ற கவலை. அவருடைய டிஸ்க் அங்கே, அந்த மாடியறையில் இருக்கிறது. ஆக, அவருக்கென்று ஒதுக்கிய ஃபோல்டர் இங்கே காலியாகத்தான் இருக்க வேண்டும்.

இறக்கும் கட்டளையைத் தட்டினாள். இறக்குவதற்கு எதுவும் இல்லை என்று வரும், பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தாள்.

இறக்க முடியவில்லை. பயன்பாட்டில் இருக்கிறது.

ஊசி திரையைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சமையலறையில் குழாய் நின்றது. கணவன் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"சளி பிடிச்சிருக்கா? ரெண்டு தடவை செருமினே" என்றான். "கதவு திறந்துதானே இருக்கு. யாரைத் திறக்கச் சொல்றே?"