மாமனார் பெயர்த்த படிகள்

கல் ஏற்றிய வண்டியிலிருந்து இறங்கியதுமே மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா இது, இடுப்பு உயரத்துல கதவு தொங்குது? ஏணி வச்சா ஏறினீங்க?"

"பின்வாசல் வழியாத்தான் எல்லாம்," என்றாள் அந்த வீட்டு மருமகள். "எங்க மாமனார் செஞ்ச காரியம்."

லேசுப்பட்ட காரியமா அது? மகள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போன அன்றே, திரும்பி வந்தால் ஏறக் கூடாதென்று வாசல் படிகளைப் பெயர்த்தெறிந்து கதவையும் பூட்டிவிட்டார் மனிதர். அப்படி ஒரு வீம்பு. போன வருடம் கண்ணை மூடும்போதுகூட, மகளுக்குத் தகவல் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். நுனியில் இரும்புப் பூண் போட்ட அவருடைய கைத்தடியையும் அவரோடேயே சிதையில் வைத்து அனுப்பியாயிற்று.

இப்போது அந்த நாத்தனார் வருகிறாள். முழங்காலில் ஆபரேஷன். புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான், பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "வந்தா முன்வாசல் வழியாத்தான் வருவேன். பின்வாசல்ல நுழைய நான் என்ன திருடியா?"

அந்த ரோஷம் மருமகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மழைத்தண்ணீர் வெளியே வடியும்படி லேசாகச் சாய்த்து அடிக்கல்லைப் பதித்தார் மேஸ்திரி. ஈரச் சாக்கைப் போர்த்தினார். "இது அசையக் கூடாதும்மா. மேல வர்ற கல்லெல்லாம் இது முதுகுலதான் உக்காரும்."

மறுநாள் காலை அடிக்கல் தெருவோரம் கிடந்தது. சாக்கு, சுவரோரம் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஓரத்தோடு ஓரம் பொருத்தி.

மாமனார் தன் துண்டை அப்படித்தான் மடிப்பார்.

"நாய் கீய் தள்ளியிருக்கும்," என்றான் கணவன்.

"ஆமா, தள்ளிட்டு சாக்கை மடிச்சு வச்சுட்டுப் போச்சாக்கும்!"

திரும்பவும் பதித்தார்கள். திரும்பவும் கல் தெருவோரம். இம்முறை காய்ந்த கலவையில் காசளவுக்கு ஒரு வட்டக் குழி. மேஸ்திரிக்கு முகம் வெளிறிவிட்டது.

"எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா. என்னை விட்டுடுங்க."

"கல்லை மட்டும் பதிச்சுட்டுப் போங்க. அது அசையாம இருக்க என்ன வழி?"

"கலவை இறுகற வரைக்கும் மேல பாரம் இருக்கணும்."

"பாரந்தானே? நான் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தாள். வெயில் இறங்கி, தெரு மங்கி, காற்று அப்படியே நின்றது. முதுகுக்குப் பின்னால், பூட்டிய கதவின் இடுக்கிலிருந்து மாமனாரின் சுருட்டு வாசனை கசிந்து வந்தது.

டொக்.

உள்ளே, கூடத்தில்.

டொக்.

கதவுக்கு அந்தப் பக்கம்.

பூட்டு அசையவில்லை. ஆனால் அடுத்த சத்தம் வெளியே கேட்டது.

அவள் காதருகில்.

சில்லென்ற ஒரு வட்டம் அவளுடைய நடுமுதுகில் பதிந்து தள்ளியது. கல் நடுங்கியது. அவளுக்குப் பயத்தோடு கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடியைத் தட்டித் தட்டித்தானே காலமெல்லாம் அவளை ஏவினார்!

"தள்ளுங்க மாமா," என்று கிசுகிசுத்தாள். "நல்லாத் தள்ளுங்க. எந்திரிக்க மாட்டேன்."

கல்லின் விளிம்பை இறுகப் பிடித்ததில் நகம் பிய்ந்தது.

"உசுரோட இருந்தப்ப உங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டிருந்தேன். அதுக்கே எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு."

பின்பக்கமாகச் சுற்றி வந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "கொஞ்சம் தள்ளிக்கோ," என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதுகிலிருந்த குளிர் விலகியது.

அதன்பின் அடிக்கல் அசையவில்லை. மற்றக் கற்களையும் மேஸ்திரி வந்து ஏற்றினார், பட்டப்பகலில், அவசர அவசரமாக. நாத்தனார் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தாள். மருமகள் வெட்கப்படாமல் அழுதாள்.

அன்று சாயங்காலம் மூவரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டொக்.

இப்போது வெளியிலிருந்து. முதல் படியிலிருந்து.

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்க் கதவை விரியத் திறந்தாள். யாருமில்லை. சுருட்டு வாசனை மட்டும்.

"அப்பா, படி போட்டாச்சு. கதவும் தெறந்திருக்கு," என்றாள். "நான் செஞ்சது தப்பும்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறி வாங்க."

நெடுநேரம் நின்று பார்த்தாள்.

சாயங்காலமானால் இன்றும் அந்தச் சத்தம் கேட்கிறது. அவர்கள் கதவைச் சாத்துவதில்லை. முதல் படியின் கருங்கல்லில் காசளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கிறது, நாளுக்கு நாள் ஆழமாகிறது.

இரண்டாம் படியில் ஒரு கீறல்கூட இல்லை.