அறுபது குஞ்சுகளில் இருபது

“அறுபது மீன் குஞ்சுல இருபதைக் காணோம். புதன்கிழமை பிள்ளைங்க ஆத்துல விடணும். ஆய்வக உதவியாளர் வித்துட்டார்னு பேச்சு. பாவம், அவர் வேலையே போயிடும் போலிருக்கு,” என்றார் அறிவியல் ஆசிரியை.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார். கூடவே கிளம்பிய கொழுந்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணியோடு துப்பறியப் போவதென்றால் அவருக்கு அப்படி.

பள்ளியின் எட்டாம் வகுப்பில் மீன் தொட்டியருகே ஒரு நோட்டு கிடந்தது. முட்டை பொரிந்த நாள், தண்ணீரின் சூடு, தினசரி எண்ணிக்கை எல்லாம் பிள்ளைகளின் கையெழுத்தில் இருந்தன. ‘இன்று கண் தெரிந்தது’ என்ற வரியைக் கொழுந்தனார் இரண்டு தரம் படித்தார்.

“திருட்டேதான், அண்ணி.”

அம்மாள் சுவரைக் காட்டினார். மணி பதினொன்று, கடிகாரம் ஆறு காட்டியது. “இது கரண்ட்ல ஓடுறது. நேத்து லீவு நாள்ல அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்லை. தொட்டிக்குக் காத்து ஊதுற மோட்டாரும் நின்னிருக்கும்.”

“அப்போ எல்லாமே செத்திருக்கணுமே,” என்றார் ஆசிரியை.

“நாற்பது பிழைச்சிருக்கு. எப்படின்னுதான் நான் விசாரிக்கிறேன்.”

ஆசிரியர்கள் அறையில், அந்த வகுப்பின் பொறுப்பாசிரியரான கணக்கு வாத்தியார் இடது கையால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மீன் வளர்த்தால் கணக்கு வருமா என்று ஆசிரியர் கூட்டத்தில் எதிர்த்தவர் அவர்தான்.

“நேத்து கரண்ட் போச்சாமே, சார். அந்த நேரத்துல யாரோ திருடியிருக்காங்க,” என்றார் அம்மாள்.

“மேல வந்து வாயைப் பிளந்துகிட்டுக் கிடந்த குஞ்சை எவன்மா திருடுவான்?”

“அதை நீங்க எப்போ பார்த்தீங்க?”

வாத்தியார் கோப்பையை வைத்துவிட்டார்.

“வகுப்புச் சாவி உங்ககிட்ட இருக்கு. வலது கையைத் தூக்க முடியலை. அஞ்சு மணி நேரம் குவளையால மொண்டு மொண்டு ஊத்தினா தண்ணியில காத்து கலக்கும், கையும் வீங்கும். தொட்டியில நெரிசல் குறையணும்னு இருபதை எடுத்துட்டுப் போயிருக்கீங்க. சரியா?”

“நலிஞ்சுபோன இருபது. வீட்டுத் தொட்டியில விட்டிருக்கேன். தேறினதும் சத்தமில்லாம கொண்டுவந்து விட்டுடலாம்னு இருந்தேன். கூட்டத்துல அவ்வளவு பேசிட்டு எந்த முகத்தோட சொல்றது?” ஆசிரியை பக்கம் திரும்பினார். “காலையில ஒண்ணு செத்துப்போச்சு, டீச்சர்.”

ஆசிரியையின் கண் கலங்கியது. “ஐம்பத்தொன்பதைக் காப்பாத்தியிருக்கீங்க, சார்.”

உதவியாளர் மேல் விழுந்த பழியை அம்மாள் சொன்னதும் வாத்தியார் திடுக்கிட்டு எழுந்தார். “எனக்குத் தெரியாதும்மா,” என்றவர், நேரே தலைமையாசிரியை அறைக்கு நடந்தார்.

கொழுந்தனார் பெரிய வாளி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, வாசலில் வாத்தியாருக்காகக் காத்து நின்றார்.