நீலப் போத்தல் வீடியோ

“மருந்து ஊற்றிய மீன்! லிங்கநகர் மக்களே, இவனிடம் வாங்காதீர்கள்!”

அம்மாவின் போனில் அலறிய வீடியோவைப் பார்த்துப் பிரசாந்தி திகைத்துப்போனாள். மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் முனாப் நானா, நீலப் போத்தலிலிருந்து எதையோ மீன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதை எடுத்ததே அவள்தான்!

முந்தாநாள் மதிலுக்கு மேலால் எடுத்து, “என்ன மருந்தோ தெரியாது, ஹா ஹா” என்று எழுதி, ஆறாம் தர வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். யாரோ அவளுடைய சிரிப்பை வெட்டிவிட்டுப் பயங்கரமான குரலைச் சேர்த்திருந்தார்கள்.

“அம்மா, இது ஆர் அனுப்பினது?”

“கொழும்பில இருந்து உன்ர சித்தி. நல்ல காலம், நேற்று நான் அவரிட்ட மீன் வாங்கேல்ல.”

கொழும்பா! பிரசாந்தி தன் போனைப் பாய்ந்து எடுத்தாள். குழுவில் வீடியோவை அழித்தாள். வகுப்புத் தோழன் ஜனுஷனுக்குப் போன் எடுத்தாள்.

“நீயும் அழியடா!”

“நான் மாமாவுக்கு அனுப்பிட்டன். மாமா ஆர் ஆருக்கு அனுப்பினாரோ! இனி என்னத்த அழிக்கிறது?”

வெளியே முனாப் நானாவின் ஹோர்ன் கேட்டது. ஒரு வீட்டுக் கேற்றும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் ஓடி வந்தது. பூனையிடம் போன் இல்லை.

பிரசாந்தி அவரிடம் ஓடினாள்.

“நானா, அந்தப் போத்தல்ல என்ன?”

“கடல் தண்ணி புள்ள. தோணிக்காரர் ஆழக்கடல்ல அள்ளித் தாறது. குடிக்கிற நல்ல தண்ணி ஊத்தினா மீன் சோர்ந்து போகும். நேத்து ஒருத்தரும் வாங்கல்ல. முழுப் பெட்டி மீனையும் மண்ணுக்குள்ள தாட்டுட்டன்.”

“அந்த வீடியோ... நான்தான் எடுத்தனான்.”

அவர் ஹோர்னிலிருந்து கையை எடுத்தார்.

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே புள்ள.”

ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

“இன்னொண்டு எடுக்கட்டே? நீங்கள் ஓம் எண்டால் மட்டும்.”

“பொறு, தலை சீவிட்டு வாறன்.”

இந்தமுறை தன் முகத்தையும் காட்டினாள். “நான் பிரசாந்தி. முதல் வீடியோ என்ர. கேக்காம எடுத்து, தெரியாம எழுதினனான். இது வெறும் கடல் தண்ணி.” ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. “சரியான உப்பு!”

“முதல் வீடியோ அனுப்பின எல்லாருக்கும் இதையும் அனுப்புங்கோ” என்று எழுதிக் குழுவில் போட்டாள்.

“மாமா ஏசுவார்” என்றான் ஜனுஷன்.

“ஏசட்டும். அனுப்பு!”

மறுநாள் காலையும் முனாப் நானாவின் ஹோர்னுக்கு ஒரு கேற்றும் திறக்கவில்லை. பொய் கொழும்புவரை போயிருக்க, உண்மை அடுத்த ஒழுங்கைக்குக்கூடப் போகவில்லை. பொய்க்கு மட்டும் எப்படி இத்தனை கால்கள்? பிரசாந்திக்குக் கோபம் கோபமாக வந்தது. போனை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். அம்மாவும் குடையோடு கூட வந்தார்.

முனாப் நானாவின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு கேற்றாகத் தட்டினாள்.

“அன்ரி, அந்த வீடியோ எடுத்தது நான். பிழை என்ர. மீன் நல்ல மீன்.”

முதல் கேற் படாரென்று மூடிக்கொண்டது. இரண்டாவது வீட்டு ஐயா, “வெக்கமில்லையோ?” என்று கேட்டார்.

“இருக்கு ஐயா. அதுதான் வந்தனான்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, அரைக் கிலோ பாரை போடச் சொல்லு.”

அதைப் பார்த்து எதிர்வீட்டுக் கேற் திறந்தது. பிறகு இன்னொன்று.

ஐந்தாவது ஒழுங்கையில் அவள் கையை ஓங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“தட்டாத புள்ள, தட்டாத! பெட்டியில இனி ஐஸ் மட்டும்தான் கிடக்கு!”