மூன்று கேள்விக்கும் சரியான பதில்

கைதி போர்வையைத் தானே போர்த்திக்கொண்டிருந்தான். டாக்டரம்மாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

இரண்டு வருடமாக அந்தப் போர்வை மூலையில், யாருமே இல்லாத இடத்தில்தான் விரிந்து கிடக்கும். அங்கே முதலாளி உட்கார்ந்திருக்கிறாராம், அவருக்குக் குளிருமாம். ஐஸ் கம்பெனியின் குளிர் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டு இவனே கொன்ற முதலாளி. அவர் பல் தந்தியடிக்கும் சத்தம் தாங்கவில்லை என்று காதைப் பொத்திக்கொண்டு கதறுவான்.

"பாருங்க, ஆளே மாறிட்டான். எல்லாம் உங்க கைராசி," என்றார் வார்டர். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

புத்தி கலங்கியவனைத் தூக்கில் போட அரசியல் சட்டம் இடம் தராது என்று கோர்ட் சொல்லியிருந்தது. தான் யார், என்ன செய்தோம், தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்று புரிகிறவனைத்தான் போடலாம். புரிகிறதா என்று அவ்வப்போது பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவன் கதறலைக் காணச் சகிக்காமல்தான் போன தடவை மாத்திரையை மாற்றினாள். அழுகிற நோயாளிக்கு மருந்து கொடுப்பாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மருந்து பலித்தால் என்ன ஆகும் என்று அத்தனை படித்த மூளைக்குத் தோன்றவே இல்லை.

"நீ யாரு?"

பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொன்னான்.

"என்ன பண்ணின?"

"முதலாளிய உள்ள வச்சுப் பூட்டினேன். கதவத் தட்டினாரு. நான் தொறக்கல."

தெரியாதுன்னு சொல்லுடா, ஒரு தடவை தெரியாதுன்னு சொல்லித் தொலைடா என்று அவள் மனசு கெஞ்சியது. குரல் மட்டும் எப்போதும்போல் வந்தது.

"உன்னை என்ன பண்ணப் போறாங்க?"

கழுத்தைத் தடவிக்கொண்டான். "தூக்குல போடுவாங்க."

வார்டர் தலை குனிந்துகொண்டார்.

"முதலாளி எங்க?"

"இப்பல்லாம் வர்றதில்ல. எங்க போனாருன்னு தெரியல டாக்டரம்மா. பாவம், குளிர் தாங்க மாட்டாரு."

ஜெயில் வாசலில் அவள் கார் வெயிலில் நின்று அடுப்பாய்க் கொதித்திருந்தது. கதவைத் திறந்ததும், சூடான ரெக்சின் வாடைக்கு அடியிலிருந்து, ஈரச் சாக்கும் உப்பும் கலந்தாற்போல ஒரு நாற்றம் மெல்லக் கிளம்பி வந்தது. சிக்னலில் நின்றபோது பின் சீட்டிலிருந்து சன்னமாக ஒரு கடகடப்பு. ஏதோ ஆணி கழன்றிருக்கும் என்று நினைத்தாள். இன்ஜினை அணைத்துப் பார்த்தாள். கடகடப்பு நிற்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"என்னம்மா, நீ வந்ததும் வீடு இப்படி ஜில்லுனு ஆகுது?" மகள் கையைத் தேய்த்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள்.

போனில் அரசு வக்கீல். "மேடம், உங்க ரிப்போர்ட் ஒண்ணுதான் பாக்கி. புரியுதா இல்லையா, ஒரே வார்த்தை. ஆபீஸ் மூடறதுக்குள்ள அனுப்பிடுங்களேன்."

லேப்டாப்பைத் திறந்தாள். சோபாவிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பல். பல்லோடு பல்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயமும், ஊசி போட்டு மரத்த ஈறுபோல, வேறு யாருடையதோ என்றிருந்தது. ஒழுங்காக யோசிக்கப் பார்த்தாள். இந்தச் சத்தம் பொய் என்றால், அவனுக்கு இருந்தது நோய். நோய் தீர்ந்துவிட்டது. போடலாம். சத்தம் நிஜம் என்றால், அவனுக்கு நோயே இருந்ததில்லை. அப்போதும் போடலாம்.

கடவுளே, எப்படிப் போனாலும் அங்கேதானா.

ஒரு பொய் எழுதினால் போதும். அவன் பிழைத்துக்கொள்வான். 'புரியவில்லை' என்று அடித்தாள். இத்தனை வருடத்தில் ரிப்போர்ட்டில் அவள் எழுதிய முதல் பொய். எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. நகங்கள் நீலம். அந்தப் பல் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது.

யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. அதைப் பிறகு அவள் யாரிடமும் மறுக்க முடியாது.

அழித்தாள். 'புரிகிறது' என்று அடித்தாள். அனுப்பினாள்.

சத்தம் நின்றது.

நிமிர்ந்தாள். சோபாவின் நடுவில், யாரோ உட்கார்ந்த மாதிரி மெத்தை அமுங்கியிருந்தது. துணியில் ஈரம். அதைச் சுற்றி வெள்ளையாக, பொடிப்பொடியாக, உறைபனி.

மெத்தை மெல்ல எழும்பியது.

கொஞ்சம் தள்ளி, சோபாவின் ஓரத்தில், மறுபடி அமுங்கியது.

பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு.