மூன்றாம் ஷெட், உள்ளே ஒருவர்

பிற்பகல் இரண்டு மணிக்கு, ஓடவே கூடாத ஒன்று ரஞ்சனியின் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் ஷெட். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் இருந்த அந்த ஷெட்டை இடித்துப் பத்து நாளாகிறது.

அஸ்தம்பட்டி ஆபீசில் அவள் மட்டும்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெப்சைட்டில் பட்டனை அழுத்தினால் ஷெட்டுக்கு ஒன்றாக ஒரு புரோகிராம் சர்வரில் பின்னணியில் ஓடத் தொடங்கும். பக்கத்தை மூடினாலும் நிற்காமல், மாதக்கணக்கில் ஃபேனையும் கதவையும் பார்த்துக்கொண்டு கிடக்கும். எழுதியவள் ரஞ்சனி. போன மாதம் சர்வர் மெதுவாகிறதென்று, எது யாருடையது என்று பார்க்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நிறுத்தியவளும் அவள்தான்.

அன்று பண்ணையாள் காத்தான் போன் செய்தார். "அம்மணி, மூணாம் ஷெட்டுல ஃபேன் நின்னுபோச்சுங்க. உள்ள போயி படுதாவத் தூக்கி உடட்டுங்களா?"

"போங்க, நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். காத்தானுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. திறக்கச் சொல்ல அங்கே புரோகிராம் இல்லை. மாலையில் வெக்கை தாங்காமல் செத்த கோழிகளோடு அவரையும் வெளியே தூக்கினார்கள். அவரே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதாக ரஞ்சனி அறிக்கை எழுதினாள். செத்தவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்?

ஆனால் அவர் மனைவி அங்கம்மாள் புகார் கொடுத்துவிட்டாள். புரோகிராமை யார் நிறுத்தினார்கள் என்று காட்டும் அன்றைய சர்வர் பதிவை மாலைக்குள் போலீஸ் கேட்டிருந்தது. அதை அழிக்கத்தான் ரஞ்சனி சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மூன்றாம் ஷெட்டை நிறுத்தினாள். போனது. புரோகிராம் எண் மட்டும் மாறி, தானாகவே திரும்பி வந்தது. சர்வரில் ஏதோ கோளாறு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பதிவை அழித்தாள்.

ஏசியின் இரைச்சலுக்குள் நூற்றுக்கணக்கான சிறகுகள் படபடப்பது போல ஒரு சத்தம் மெல்லக் கலந்து வந்தது. கோழி எருவின் காரம் மூக்கை எரித்தது, கழுத்தோரம் வியர்வை இறங்கியது. ஏசி நின்றது.

திரையில் வெப்பம் 39.

நிறுத்தினாள். வந்தது.

41.

கதவுக்கு ஓடினாள். கைரேகைப் பூட்டில் விரலை வைத்தாள். மறுபடியும் வைத்தாள். திறக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. திரும்பிப் பார்த்தாள்.

திரையில் ஷெட்டின் பெயர் மாறியிருந்தது. அஸ்தம்பட்டி ஆபீஸ். ஃபேன்: நின்றது. கதவு: மூடியது. உள்ளே: ஒருவர். தொடங்கியவர்: காத்தான்.

அதன் கீழே ஒரு வரி, எழுத்து எழுத்தாக வந்தது.

இருங்க அம்மணி, நான் பாத்துக்கறனுங்க.

வெப்பம் 44 ஆனது.